பின்னால் வரும் சக்கரம்

மழை பெய்தால்தான் அது சைக்கிள் ஓட்டம் என்பது பெல்ஜியத்து ஃபிளாண்டர்ஸ்காரர்களின் கட்சி. வெயிலடித்தால் பீரை வாங்கிக்கொண்டு நிழலுக்குப் போய்விடுவார்கள். கொட்டித் தீர்த்தால் குடையோடு வந்து வேலியோரம் இடம் பிடிப்பார்கள். திருவிழா ஓட்டத்தன்று காலையிலிருந்தே விடாத மழை, ஊருக்கே குஷி. வானெஸ் ஒருவன்தான் வானத்தைப் பார்த்துத் திட்டிக்கொண்டிருந்தான்.

வானெஸுக்குக் கம்பள ஆலையில் அதிகாலை வேலை, மதியத்துக்கு மேல் சைக்கிள். குடியில்லை, கூத்தில்லை. அடுத்த வருஷம் இளையோர் பிரிவில் ஓட்ட வயது தாண்டிவிடும். அதற்குள் ஏதாவது ஒரு குழு சம்பளத்துக்கு எடுத்துக்கொண்டால் உண்டு. இல்லாவிட்டால் ஆயுசுக்கும் கம்பளம்தான். நல்ல கால் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். ஆனால் மழையில் கல் பாவிய பாதை வந்துவிட்டால் பையன் பயந்து சாகிறான் என்றும் சொன்னார்கள்.

அது பயமாக இருந்திருந்தால் தேவலையே.

மத்தீஸும் அவனும் பள்ளிக்கூட நாளிலிருந்து ஒன்றாக ஓட்டியவர்கள். ஒருவன் முன்னால் போய் எதிர்காற்றை வாங்கிக்கொள்வான், மற்றவன் அவன் சக்கரத்தை ஒட்டி மறைவில் வருவான். முன்னால் போகிறவனுக்குக் களைத்தால் முழங்கையை ஒரு வெட்டு வெட்டினால் போதும், பின்னால் இருப்பவன் முன்னுக்கு வந்துவிடுவான். பேச்சே வேண்டாம். இரண்டு வருஷத்துக்கு முன்னால், இதே ஓட்டத்தில், இதே கல்பாதையில் வானெஸ் முழங்கையை வெட்டினான். மத்தீஸ் வரவில்லை. மறுபடி வெட்டினான். வரவில்லை. “சோம்பேறிப் பயலே, ஓசியிலயே வா” என்று திட்டிவிட்டு மிதித்துக்கொண்டே போனான். ஈரக் கல்லில் எவனும் திரும்பிப் பார்க்க மாட்டான், பார்த்தால் விழுவான். முடிவுக் கோட்டில், அவன் வந்ததும் நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்று சிரித்தபடி காத்திருந்தபோதுதான் யாரோ வந்து சொன்னார்கள். வயலிலிருந்து பீட்கிழங்கு ஏற்றிப் போகும் வண்டிகள் இழுத்துப் போட்டிருந்த சேற்றில் மத்தீஸ் வழுக்கி, ஓரத்து சிமெண்டுக் கம்பத்தில் போய் மோதியிருந்தான்.

அதற்கப்புறம் மழையில் எந்தக் கல்பாதையில் ஏறினாலும் வானெஸுக்குப் பின்னால் ஒரு சக்கரம் கேட்டது. டயர் ஈரக் கல்லை உரசும், சங்கிலி தடதடக்கும். அவன் முழங்கையை வெட்டி, வேகத்தைக் குறைத்து ஒதுங்குவான். அந்த இடைவெளியில் யார் யாரோ புகுந்து போய்விடுவார்கள். “வானெஸ் பேய்க்கு வழி விடுறான்டா” என்று உடை மாற்றும் கூடத்தில் பையன்கள் சிரித்தார்கள். அவர்களுக்கென்ன, சிரிப்பார்கள்.

இன்னொன்றும் இருந்தது. மத்தீஸின் தாய் கோடலீவ் ஒரு ஓட்டம் விடாமல் முடிவுக் கோட்டுக்கு வந்து தடுப்புக் கம்பியருகே நிற்பாள். மகன் போனபின் நடந்த முதல் ஓட்டத்தின் முடிவில் அவனைப் பிடித்து நிறுத்தி, “அவன் உன்கூட இருந்தானா?” என்று கேட்டாள். வானெஸ் திடுக்கிட்டு, “இருந்தான் அத்தை” என்று சொல்லிவிட்டான். அவளுடைய முகம் தெளிந்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு முறையும் அதே கேள்வி, அதே பதில். பதிலை வாங்கிக்கொண்டு நிம்மதியாக வீட்டுக்குப் போவாள். அவனுக்குத்தான் அன்றிரவு தூக்கம் போகும்.

இந்தத் திருவிழா ஓட்டத்தன்று, புறப்படுமுன், சைக்கிள் சங்கத்தை நடத்தும் நோயல் அவனை ஓரங்கட்டினார்.

“அங்க பச்சைக் கோட்டு தெரியுதா? குழுவுக்கு ஆள் எடுக்க வந்திருக்கான். இன்னிக்கு யாருக்கும் வழி விடாத.”

“யாருக்கும்னா?”

“யாரைச் சொல்றேன்னு உனக்கே தெரியும். செத்தவனுக்கு எதுக்குடா ஜெயிக்கிற இடம்?”

வானெஸுக்குக் கோபம் வந்தது. ஆனால் நோயல் சொன்னதில் தப்பில்லை என்பதும் தெரிந்தது.

கடைசிச் சுற்றில் கல்பாதைக்கு முந்தைய மேட்டில் எல்லோரையும் உதறிவிட்டுத் தனியாக ஏறி வந்தான். முகமெல்லாம் சேறு, விரல்கள் மரத்துப்போயிருந்தன. முதல் கல்லில் சக்கரம் ஏறியதுமே பின்னால் கேட்டது. அதே உரசல், அதே தடதடப்பு. முழங்கை தானாகத் துடித்தது. அதை விலாவோடு இறுக்கிக்கொண்டு பாதையின் மேடான நடுமுதுகை விடாமல் பிடித்தான்.

“இன்னிக்கு ஒருநாள் விட்டுடு மத்தீஸ்” என்று வாய்விட்டுக் கெஞ்சினான்.

சத்தம் நெருங்கியது. சக்கரத்தோடு சக்கரம் ஒட்டியது போலிருந்தது. சிமெண்டுக் கம்பம் வந்தது, கடந்தது. சட்டென்று பின்னால் ஒன்றுமில்லை. மழை மட்டும் பெய்துகொண்டிருந்தது. இத்தனை நாள் அந்தச் சத்தத்துக்குப் பயந்தவன், அது இல்லாததற்கு அதைவிடப் பயந்தான். அழுதுகொண்டே மிதித்தான். மழையில் யாருக்கும் தெரியவில்லை.

ஜெயித்துவிட்டான். நோயல் கட்டிப் பிடித்துத் தூக்கினார். பச்சைக் கோட்டுக்காரர் கை கொடுத்து, “திங்கக்கிழமை பேசுவோம், தம்பி” என்றார். வானெஸுக்கு எதுவும் காதில் ஏறவில்லை. கம்பியருகே கோடலீவ் குடையில்லாமல் நின்றிருந்தாள்.

“ஜெயிச்சிட்டியாமே, ரொம்ப சந்தோஷம்” என்றாள். பிறகு, “அவன் உன்கூட இருந்தானா?”

வழக்கமான ஒரு சொல்லைச் சொல்லியிருக்கலாம். யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் வாய் வரவில்லை.

“பாதி தூரம் இருந்தான் அத்தை. நான் வழி விடல. கம்பத்துக்கிட்ட நின்னுட்டான்.”

கோடலீவ் அவனைத் தாண்டிச் சாலையைப் பார்த்தாள். திட்டவில்லை, அழவில்லை.

“இந்த மழையிலயா விட்டுட்டு வந்தே?” என்றாள்.

ஒலிபெருக்கியில் அவன் பெயரைச் சொல்லி மேடைக்கு அழைத்தார்கள். வானெஸ் சைக்கிளைத் திருப்பினான். இன்னும் வந்துகொண்டிருந்தவர்களுக்கு ஒதுங்கி, எதிர்த்திசையில் கல்பாதையை நோக்கி மிதித்தான். நோயல் கத்திக் கூப்பிட்டது கேட்டும் நிற்கவில்லை. கோடலீவ் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இரண்டு பேரும் வரட்டும் என்று அங்கேயே நின்றாள்.