நான் ஊற்றிய ஓர் அங்குலம்

கீரிப்பாறைக்கு மேலே, நடந்தால் அரைநாள் தூரத்தில், ஒரு புல்மேட்டில் எனக்கு இரண்டு வேலை. தை முதல் காட்டுத்தீ வருகிறதா என்று பார்க்க வேண்டும். காலை எட்டு மணிக்கு மழை அளக்க வேண்டும். அளக்க ஒரு செம்புப் புனல், அதன் அடியில் ஒரு குப்பி. மாசி வெயிலில் என்னத்தை அளக்க? தினமும் நோட்டில் சைபர் போட்டேன்.

பேச ஆள் கிடையாது. சனிக்கிழமை அரிசி சுமந்து வருகிற, மலையிலேயே குடியிருக்கிற காணிக்காரர் மூட்டையை இறக்கிவிட்டு, "செரி, வாறேன்" என்பார். அதை வைத்துக்கொண்டு ஒரு வாரம் ஓட்ட வேண்டும். எனக்கோ வாய் சும்மா இருக்காது. அந்தப் புனலோடு சண்டை போட்டிருக்கிறேன், அம்மையாணை.

ஒரே நாளில் ஓர் அங்குலம் மழை விழுந்தால் காடு நனைந்துவிட்டது என்று அர்த்தம். நோட்டை எடுத்துக்கொண்டு இறங்கிவிடலாம். அதுவரைக்கும் செத்தாலும் லீவு இல்லை. என் முதல் பிள்ளை இரணியலில், மாமியார் வீட்டில், பிறந்த அன்றே போய்விட்டது. எனக்குச் சேதி வந்தபோது அடக்கம் முடிந்து நாலு நாள். அடுத்த பேறுகாலம் பங்குனியில். நான் மலைக்குக் கிளம்பும்போது வீட்டுக்காரி கேட்டாள், "இந்தத் தடவயாவது வந்திருவியளா? ஒத்தையில என்னால தாங்க முடியாது." அவள் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தேன்.

பங்குனி பிறந்தது. ஒருநாள் சாயங்காலம் தெற்கே, இரணியல் பக்கம், மழை இறங்குவது கண்ணுக்குத் தெரிந்தது. என் மேட்டில் சுள்ளென்று வெயில். "சவத்து மழையே, உனக்குக் கண்ணில்லையா?" என்று தொண்டை கிழியக் கத்தினேன். மறுநாள் காலை, குடிக்க வைத்திருந்த தண்ணீரைப் புனலில் ஊற்றினேன். வெறுமனே நோட்டில் எழுதக் கை வரவில்லை. ஊற்றி, அளந்து எழுதினால் பாதிப் பொய்தானே என்று புத்தி போயிற்று.

ஓட்டமும் நடையுமாக இறங்கி, வன ரேஞ்சரிடம் நோட்டைக் கொடுத்தேன். வடசேரியில் பஸ் பிடித்தேன். மூன்றாம் நாள் மகள் பிறந்தாள். அவள் வீறிட்ட சத்தத்தைக் கேட்டு நான் வாசலில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். அவ்வளவு சந்தோஷம் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

அடுத்த வருஷம் ரேஞ்சர் ஒரு படம் வரைந்தார். எந்தச் சரிவில் எப்போது மழை, எங்கே தீப்பிடிக்கும் என்று காட்டுகிற படம். மலை முழுக்கச் சிவப்பு. என் சரிவு மட்டும் பச்சை.

"உம்ம சரிவுல பங்குனியிலேயே மழை விழுந்திருக்கு வேய். பக்கத்துச் சரிவுல ஒரு பொட்டு இல்ல. மலைன்னா இப்படித்தான், ஒரு பக்கம் கொட்டும், மறுபக்கம் காயும்" என்றார். அவர் சொன்னது நியாயம்தான். பச்சைக்குக் காவல் எதற்கு என்று என்னைக் கீழே மரக்கிடங்குக்கு மாற்றினார். தினமும் வீட்டுக்குப் போகலாம். குதித்திருக்க வேண்டும் நான். ஆனால் அந்தச் சரிவுக்கு அப்பால் ஆறு குடிசை இருந்தது, எல்லாம் ஈறை மூங்கிலாலும் புல்லாலும் வேய்ந்தவை. எனக்கு அரிசி சுமந்தவரின் குடிசையும் அதில் ஒன்று. உண்மையைச் சொன்னால் வேலை போய்விடும். சொல்லவில்லை.

அதனால் வருஷாவருஷம் என் லீவையெல்லாம் பங்குனிக்குச் சேர்த்துவைத்தேன். ஒற்றையாக மேலே ஏறி, தீயை அடிக்கப் பச்சைக் கொப்பு ஒடித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நோட்டு இல்லை, புனல் இல்லை, அரிசிக்காரரும் வரமாட்டார். மகள் நடக்கப் பழகியதை நான் பார்க்கவில்லை.

"லீவு கெடச்சா மலைக்கு ஓடுதியளே, அங்க யாரு இருக்கா?" என்று வீட்டுக்காரி கேட்டாள்.

"யாருமில்ல."

அவள் நம்பவில்லை. எந்தப் பெண்டாட்டி நம்புவாள்? இரண்டு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. மலையில் பேச ஆளில்லாமல் இருந்தது பெரிதில்லை. வீட்டில் அப்படி இருக்க எனக்கு நெஞ்சு வெடித்தது. ஒருநாள் சாப்பிட உட்கார்ந்தவன் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஊற்றிய தண்ணீர், பச்சை, ஆறு குடிசை, எல்லாம்.

அவள் குழம்புச் சட்டியைக் கீழே வைத்தாள். பிறகு, "அண்ணைக்கு நீங்க வரல்லன்னாலும் இவ பொறந்திருப்பா" என்றாள். நான் கை கழுவ எழுந்தேன். "போய் உள்ளதச் சொல்லுங்க" என்றாள்.

மறுநாள் போய்ச் சொன்னேன். ரேஞ்சர் சத்தம் போடவில்லை. தூரிகையை எடுத்துப் பச்சையின் மேல் சிவப்பை இழுத்தார். காயும்வரை என் முகத்தைப் பார்க்கவில்லை.

"இனி அந்தச் சரிவுக்கு ஒரு ஆள் வேணும். நீரே இரும். மெய்யான மழை விழுந்த பெறவு எறங்கினாப் போரும்."

வீட்டில் வந்து சொன்னபோது மகள் என் வேட்டியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவள் அம்மை அரிசி அளந்து சாக்கில் போட ஆரம்பித்தாள். எத்தனை மாதத்துக்கு என்று கேட்டாள். "மழைதான் சொல்லணும்" என்றேன்.