ஒரு வினைச்சொல்லும் என் வாப்பாவும்

நான் ஆங்கிலம் படிப்பிக்கிறவள். குண்டசாலையில் எங்கள் வீட்டு முன்ஹோலில் சனிக்கிழமைதோறும் டியூஷன். ‘பேர்ன்’ என்ற வினைச்சொல்லை வருஷா வருஷம் படிப்பித்து வந்தேன். பெரிய வித்தை ஒன்றுமில்லை. சோறு அடிப்பிடித்தாலும் பேர்ன், தேத்தண்ணி நாக்கைச் சுட்டாலும் பேர்ன், கடதாசி எரிந்தாலும் பேர்ன். கோபத்தில் கொதித்தாலும் அதையே இழுத்துப் போட்டு ஒப்பேற்றலாம். “நாங்க ஒவ்வொண்டுக்கும் ஒரு சொல் வச்சிட்டுப் படுற பாடு வெள்ளைக்காரனுக்கு இல்ல பிள்ளைகள்” என்பேன். பிள்ளைகள் சிரிப்பார்கள். கொரோனாவில் வாப்பா மௌத்தான பிறகு அந்தப் பாடம் வந்தாலே பக்கத்தைப் புரட்டிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த டெலிபோன் கோலை எடுத்தது நான்தான். பேசினவர் பாதி சிங்களம், பாதி ஆங்கிலம். அந்த நேரம் கொரோனாவில் செத்தவர்களின் மையித்துகளை அரசாங்கம் அடக்க விடவில்லை, எங்கள் ஆட்களையும் எரித்தார்கள். நாட்டுக்கே தெரிந்த விஷயம். ஆனால் அதை உம்மாவிடம் எந்த வாயால் சொல்வது? ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் சொல் சொல்லிக் கொடுக்கிறவள் நான்.

“அடக்க விடமாட்டாங்களாம் உம்மா” என்று மட்டும் சொன்னேன்.

உம்மா என் முகத்தையே பார்த்தார். “அப்ப எரிக்கப் போறாங்களா?”

தலையை ஆட்டினேன். அன்று எனக்கு எரிந்த வயிறு இன்றும் எரிகிறது. வாப்பா யாருக்கு என்ன கெடுதி செய்தார்? டவுனில் ஒரு சின்னப் புடவைக் கடை, ஐந்து வேளைத் தொழுகை, வீடு. அவ்வளவுதான் அவர் வாழ்ந்த வாழ்க்கை.

பிறகு நாநா, என் மூத்த சகோதரர், ஒரு மண்முட்டியைக் கொண்டு வந்தார். உள்ளே வாப்பாவின் சாம்பல். உம்மா வாங்கி, அலுமாரியில் வாப்பா கட்டின சாரன்களுக்கு மேல் வைத்துப் பூட்டினார். மையவாடியில் ஒரு குழி வெட்டி முட்டியை அடக்கிவிடுங்கள் என்று மௌலவி சொன்னார். பின்னாளில் தடை எடுபட்ட பிறகும் சொல்லிப் பார்த்தார். உம்மா அசையவில்லை.

“எங்கட பொம்புளைகள் மையவாடிக்குப் போறல்ல. வாசல் தாண்டினா அவர நான் எங்க பெய்த்துப் பாக்குற?”

எங்களுக்கு இருந்த கவலை ஒன்றுதான். வாப்பா மண்ணுக்குள் போக வேண்டும். உம்மாவுக்கும் வயது போகிறது. அவர் முந்திக்கொண்டால் இந்த முட்டியை என்ன செய்வோம் என்று நாநா வரும்போதெல்லாம் புலம்புவார். ஆனால் உம்மாவின் பிடிவாதத்துக்கு அடியில் வேறொரு பயம் இருந்தது. மையித்துக்கும் நோகும் என்று நம்புகிறவர்கள் நாங்கள். பலகாரம் சுடும்போது, துணி மடிக்கும்போது, திடீரென்று கேட்பார்: “அவருக்குச் சுட்டீக்குமா மகள்?”

எனக்குப் பொறுமை மட்டு. “மௌத்தானவங்களுக்கு எங்கால உம்மா சுடுற? சும்மா ஈங்களேன்!” என்று கத்துவேன். கத்திவிட்டு பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன்.

போன மாதம் பிள்ளைகள் விடவில்லை. சோதனைக்கு வருமாம், அந்தப் பாடத்தை எடுத்தே ஆக வேண்டுமாம். சரி, தலைக்கு மேலே போனால் சாண் என்ன முழம் என்ன என்று எடுத்தேன். ஆளுக்கொரு வசனம் சொல்லச் சொன்னேன். ஒருவனுடைய சோறு கருகியது. இன்னொருவனுக்கு கிரிக்கெட் ஆசை நெஞ்சில் எரிந்தது. சிரிப்பு. கலஹாவிலிருந்து பஸ் ஏறி வருகிற தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை ஒருத்தி எழும்பி, தாங்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகள் எரிந்ததை ஒரு வசனமாகச் சொன்னாள். பிழையே இல்லாத வசனம். யாரும் சிரிக்கவில்லை.

“உண்மையாவா?” என்று தமிழில் கேட்டுவிட்டேன்.

“ஆமா டீச்சர். எங்க லயம் எரிஞ்சிருச்சு. சாமானெல்லாம் போயிருச்சு.”

குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த உம்மா கத்தியோடு எழும்பி வந்துவிட்டார். “ஆருக்கும் சுட்டிச்சா மகள்?”

“இல்லீங்கம்மா. எல்லாரும் கொழுந்து பறிக்கப் போயிட்டாங்க. வீடு மட்டுந்தான் எரிஞ்சிச்சு. உள்ள ஆளு இல்ல.”

உம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். “உள்ள ஆள் இல்ல” என்று மெல்லச் சொல்லிப் பார்த்தார். பிறகு கதிரையில் உட்கார்ந்து இன்னொரு தரம் சொன்னார். பிள்ளைகள் என்னைப் பார்த்தார்கள். நான் புத்தகத்தைப் பார்த்தேன்.

வகுப்பு கலைந்ததும் என்னிடம் வந்தார். “ரூஹு, அந்த உசிரு, முந்தியே பெய்த்திட்டே மகள். அவங்க எரிக்கக்குள்ள அவரு உள்ள இல்லியே.” இத்தனை காலமும் நான் கத்திச் சொன்னதும் இதுதான். கத்திச் சொன்னது ஏறவில்லை, என்ன செய்வது! அன்று பின்னேரமே நாநாவுக்குக் கோல் எடுத்து, வெள்ளிக்கிழமை வரச் சொன்னார்.

நாநா வந்தார். குழி ஆயத்தம் என்றார். உம்மா முட்டியை அலுமாரியிலிருந்து எடுத்து, பின்முற்றத்தில் ஒரு பலகைமேல் வைத்தார். பக்கத்தில் கபனிட என்று புது வெள்ளைத் துணி, பொடித்த கற்பூரம்.

“முட்டியக் குளிப்பாட்டச் சொல்லி எங்க உம்மா ஈக்குது?” என்றார் நாநா.

“உங்கட வாப்பாவக் குளிப்பாட்டவும் இல்ல, கபனிடவும் இல்ல. நீங்க வாய மூடிட்டு நில்லுங்க.”

மையித்துக்கு வெதுவெதுப்பான தண்ணீர்தான் வார்ப்பது, அதை யாரும் எனக்குச் சொல்லித் தரத் தேவையில்லை. கேத்தலில் சூடாக்கி, வாளியில் பதமாகக் கலந்து கொண்டுபோய் வைத்தேன். உம்மா விரலை விட்டுப் பார்த்தார். வாளியைத் தள்ளிவிட்டார்.

“சூடு வேணாம் மகள். இவருக்குப் பச்சத் தண்ணி கொண்டு வாங்க.”

உள்ளே ஆள் இல்லை என்று சொன்ன அதே உம்மா. நான் வாளியைக் குசினிக்குக் கொண்டுவந்து கொட்டிவிட்டுக் குழாயைத் திறந்தேன். வாளி நிரம்பி வழிந்தது. மூடத் தோன்றாமல் அங்கேயே நின்று அழுதேன். பின்முற்றத்திலிருந்து உம்மா கூப்பிட்டார்.

“கெதியாக் கொண்டு வாங்க மகள். எவ்வளவு காலமா அவரு காத்துட்டு ஈக்கிறாரு.”