ராட்டினத்தில் எதிர்ப்பக்கம்

கல்யாணமான ஆறாம் நாள், திருவனந்தபுரத்தில் ஒரு கேளிக்கைப் பூங்காவுக்கு அவளைக் கூட்டிப்போனேன். எனக்கு அங்கேதான், பழவங்காடியில் ஹோட்டல் வேலை. நான் ஏழாம் வகுப்போடு நின்றவன், அவள் பன்னிரண்டு முடித்தவள். ஆறு நாளாக அவள் என்னைக் கூப்பிடவே இல்லை. ஏதாவது வேண்டுமென்றால் பக்கத்தில் வந்து நிற்பாள், நானாகத் திரும்பிப் பார்க்க வேண்டும். என்னைப் பிடிக்கவில்லையோ என்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

ராட்டினத்தைச் சுற்றுகிறவர் ஒல்லியான மலையாளி. ஏறுகிற ஆளை ஒரு கண்ணைச் சுருக்கிப் பார்த்தே எடை போட்டுவிடுவார். எங்களையும் அப்படித்தான் பார்த்தார்.

"மோள் இதில ஏறட்டும். சாரு எதிர்ப்பக்கம்."

"புதுசா கல்யாணம் ஆனவங்க சேட்டா. ஒண்ணா இருந்துக்கிடுதோம்."

"இன்னைக்கு ஆள் குறைவு. ஒரு பக்கம் மட்டும் பாரம் கூடினா இழுக்கும். பேடிக்கண்டா சாரே, பயம் வேண்டாம்."

அவள் மேலே போனாள், நான் கீழே வந்தேன். ஒரு போல்ட்டில் துரு தெரிந்தது. அவள் பயந்து அழுதால் யார் பிடிப்பார்கள் என்று நினைத்துக் கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

"ஏங்க! ஏங்க, கண்ணத் தொறங்க! கடலு தெரியுது!"

உச்சியிலிருந்து அவள்தான் கத்தினாள். கீழே நின்ற எல்லாரும் சிரித்தார்கள்.

நாங்கள் இறங்கியதும் அடுத்து வந்த ஜோடியை அவர் ஒரே பெட்டியில் ஏற்றினார். எதிர்ப்பெட்டி காலியாகவே கிடந்தது.

"அவங்களுக்கு மட்டும் ஒரு பக்கம் இழுக்காதா சேட்டா?" என்று கேட்டேன்.

"அவங்க வழி முழுக்க சண்டை போட்டுட்டல்லே வந்தது, சாரே. அவங்களுக்குள்ள பேச்சு இருக்கு."

வரிசையில் நாங்கள் பேசாமல் நின்றதை அவர் எப்போது கவனித்தார் என்பதுதான் இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.