முதல் குரூப் கேட்டு வந்தவர்

சேலைக்கு மேல் நீல நிறக் கோட்டு போட்டுக்கொண்டு, பள்ளி வராந்தாவில் இருந்த கரும்பலகையை அவர் படித்துக்கொண்டிருந்த காட்சிதான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது. இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டு, ஜூன் மாதம். விழுப்புரத்தில் நான் கணக்கு ஆசிரியையாக இருந்த பள்ளியில் பிளஸ் ஒன் சேர்க்கை நடந்துகொண்டிருந்தது. பலகையில் என் கையெழுத்தில், 'முதல் குரூப்: 400 மதிப்பெண்ணும் அதற்கு மேலும்' என்று எழுதியிருந்தது. மற்ற பெற்றோர் ஒரு பார்வை பார்த்துவிட்டு நகர்ந்த அந்த ஒற்றை வரியை அவர் வெகுநேரம் நின்று படித்தார். பக்கத்தில் அவருடைய மகள், பிளாஸ்டிக் உறையில் போட்ட மதிப்பெண் பட்டியலோடு.

கண்டமங்கலத்திலிருந்து தினமும் பஸ்ஸில் புதுச்சேரிக்குப் போய், ஒரு சோப்புத் தொழிற்சாலையில் பெட்டிகளைச் சரிபார்த்து அனுப்பும் வேலை அவருக்கு. அந்தக் கோட்டு அங்கே கொடுத்தது. மகளுக்குப் பத்தாம் வகுப்பில் ஐந்நூறுக்கு 388. கணக்கில் 91, ஆங்கிலத்தில் 52. வணிகவியல் பிரிவில் இடம் இருக்கிறது, அதில் சேர்த்துவிடலாம் என்று நான் சொன்னேன். எத்தனையோ பேருக்குச் சொன்ன வார்த்தை.

"கணக்குதாங்க அவளுக்கு வருது. வராத பாடத்தோட மார்க்க வெச்சி வர்ற பாடத்த வாணாங்கிறீங்களே டீச்சர். இந்த நானூறு யாரு போட்டதுங்க?" என்று கேட்டார்.

"அது விதிமுறை" என்றேன்.

உண்மையில் அதை வைத்தவள் நான்தான். அதற்கு இரண்டு வருடம் முன்பு என் வகுப்பில் ஏழு பேர் கணக்கில் தோற்றுப்போனார்கள். தேர்ச்சி விகிதம் பற்றிய கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் என்னை எழுப்பி நிறுத்திக் கேள்வி கேட்டார்கள். அந்த அவமானத்துக்குப் பிறகு, பலவீனமானவர்களை வாசலிலேயே நிறுத்திவிடுவதற்காக நான் கண்டுபிடித்த எண் அது. தலைமையாசிரியர் தலையசைத்தார். இரண்டே வருடத்தில் அது கல்லில் வெட்டியதுபோல் ஆகிவிட்டது.

மறுநாள் அவர் மீண்டும் வந்தார். இடைப்பட்ட நேரத்தில் கல்வி அலுவலகத்துக்குப் போய், விதிமுறையைப் பார்க்க வேண்டும் என்று கேட்டிருக்கிறார். அப்படி எழுத்தில் ஒன்றும் இல்லை, பள்ளியில் யாராவது வைத்துக்கொண்டதாக இருக்கும், ஒரு மனு எழுதிக் கொடுங்கள், விசாரிக்கிறோம் என்று அங்கே இருந்தவர் சொன்னாராம். இதை அவர் குரலை உயர்த்தாமல் சொல்லச் சொல்ல எனக்குக் காது சூடாகியது. மனுவை எங்கே கொடுத்தீர்கள் என்று கேட்டேன்.

"எழுதலீங்க. உங்க மேல பிராது குடுத்துட்டு, உங்ககிட்டயே புள்ளைய எப்படிங்க வுடறது? நீங்க ரெண்டு வருசம் பாடம் சொல்லிக் குடுக்கணுமே."

அந்தப் பெண்ணை முதல் குரூப்பில் சேர்த்தேன். பெருந்தன்மையால் அல்ல, வெட்கத்தால். சேர்க்கும்போதும் விடவில்லை. பெயர்ப் பட்டியல் மேலே போன பிறகு குரூப் மாற்ற முடியாது, படிக்க முடியாவிட்டால் ஒரு வருடமே வீணாகும் என்று எச்சரித்தேன். அவர் மகளைப் பார்த்தார். மகள் தலையாட்டினாள். "சரிங்க, தெரிஞ்சிதான் சேக்கறோம்" என்று கையெழுத்துப் போட்டார்.

காலாண்டுத் தேர்வில் அந்தப் பெண் கணக்கில் இருநூறுக்கு 41 வாங்கினாள். தேர்ச்சிக்கு எழுபது வேண்டும். அவரை வரச்சொல்லி ஆளனுப்பியபோது என் மனதில் ஒரு சின்னத் திருப்தி இருந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். அவர் அழுவார், கெஞ்சுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் விடைத்தாளைக் கேட்டு வாங்கி மேசைமேல் விரித்தார்.

"எனக்கு இது புரியாதுங்க. எங்கெங்க தப்புன்னு மட்டும் கை வெச்சிக் காட்டுங்க."

காட்டினேன். பத்து மதிப்பெண் கணக்கு ஒன்று. எல்லா வரிகளும் சரி, கடைசி வரியில் கழித்தலில் பிழை. பூஜ்யம் போட்டிருந்தேன். அடுத்ததும் அப்படியே. விடை தப்பென்றால் மதிப்பெண் இல்லை என்பது என் வகுப்பின் சட்டம். பொதுத்தேர்வில் ஒவ்வொரு படிக்கும் மதிப்பெண் உண்டு என்பது தெரிந்தும், பிள்ளைகளுக்குக் கவனம் வரட்டும் என்று நான் வைத்திருந்த கண்டிப்பு. என் விரல் நின்ற இடங்களை அவர் ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"அப்போ இதுக்கு மேல இருக்கறதெல்லாம் சரிங்களா?"

"சரிதான்."

"எங்க கம்பெனில ஒரு பெட்டி நசுங்கி இருந்தா அந்தப் பெட்டியத்தான் டீச்சர் தள்ளுவோம். லோடு மொத்தத்தையும் தள்ள மாட்டோம்."

அவர் எதிரிலேயே உட்கார்ந்து, படிப்படியாக மதிப்பெண் போட்டு மறுபடி திருத்தினேன். 67 வந்தது. இன்னும் மூன்று. பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு, எங்காவது மூன்று போட்டுவிடலாம் என்றேன். அன்று எனக்கு அது மிக எளிதாகத் தோன்றியது. அவர் விடைத்தாளை மடித்து என் பக்கம் தள்ளினார்.

"வாணாங்க. அவளுக்கு வரவேண்டியது வந்துடுச்சி. அந்த மூணு அவ எடுக்கட்டும்."

அன்று சாயங்காலம் வகுப்பின் விடைத்தாள் கட்டு முழுவதையும் வீட்டுக்குக் கொண்டுபோய்த் திருத்தினேன். முன்பு தோற்றிருந்தவர்களில் பதினோரு பேர் தேறினார்கள். அவர் மகள் தேறவில்லை. அரையாண்டில்தான் தேறினாள், 84. பிளஸ் டூ பொதுத்தேர்வில் 151. வகுப்பில் முதலிடம் இல்லை, நடுவில் எங்கோ. ஆனால் அந்த 151-ஐப் பார்த்து நான் மகிழ்ந்ததுபோல் எந்த இருநூறையும் பார்த்து மகிழ்ந்ததில்லை.

சில ஆண்டுகள் கழித்துத் திண்டிவனத்தில் ஒரு பள்ளிக்குத் தலைமையாசிரியையாக மாற்றலாகிப் போனேன். அங்கே பலகையில் எந்த எண்ணையும் எழுத விடவில்லை. விரும்பிய குரூப்பை, இடம் இருக்கும்வரை கேட்டவர்களுக்குக் கொடுத்தோம். இரண்டாம் வருடம் தேர்ச்சி விகிதம் குறைந்தது. மீண்டும் ஒரு கூட்டத்தில் என்னை எழுப்பி நிறுத்தினார்கள். இந்த முறை தோற்றவர்களின் பெயர்களைச் சொல்லி, ஒவ்வொருவரையும் உடனடித் தேர்வுக்குத் தயார்செய்கிறோம் என்று பதில் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

அதற்கடுத்த ஜூனில் ஒருநாள், சேர்க்கை முடிந்து நாற்பது விண்ணப்பங்களில் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தேன். கேட்டுக்குப் பக்கத்தில் அவர் நின்றிருந்தார். தலை நரைத்திருந்தது. உடன் எனக்குத் தெரியாத ஒரு பெண். கூட வேலை பார்த்தவளின் மகள், தாய் இறந்துவிட்டாள், துணைக்கு ஆள் இல்லை என்று தான் அழைத்து வந்ததாகச் சொன்னார். முதல் குரூப் கிடைத்துவிட்டதாம். கையெழுத்துப் போட்ட எனக்கு அது யார் பிள்ளை என்றே தெரியாது. அவர் மகள் வல்லம் பக்கத்தில் நில அளவையராக இருக்கிறாளாம்.

"வெயில்ல சங்கிலியப் புடிச்சிக்கினு வயல்ல நிக்கிறா டீச்சர். கறுத்துப் போயிட்டா" என்று சிரித்தார்.

காலையிலிருந்து நான் உள்ளேதானே இருந்தேன், என் பெயரைச் சொல்லி நேரே வந்திருக்கலாமே என்று ஆதங்கப்பட்டேன். அவர் என்னைச் சற்று வியப்போடு பார்த்தார்.

"வரிசை இருந்துச்சேங்க" என்றார்.