ஸ்போரனுக்குள் இரண்டு மோதிரங்கள்

போன சனிக்கிழமை கில்ட் கட்டினேன் — ஸ்கொட்லாந்து ஆண்கள் உடுத்தும் கட்டம்போட்ட பாவாடை. ஆம், நான்தான்.

அலுவலக நண்பன் இயனுக்குக் கல்யாணம். மாப்பிள்ளைத் தோழன் நான். ஸ்கொட்லாந்து வழிவந்த குடும்பம் — தோழனும் கில்ட் கட்ட வேண்டும், மோதிரங்களும் அவன் பொறுப்பு. ஆனால் கில்ட்டுக்குப் பொக்கற் இல்லையே? அதற்குத்தான் ஸ்போரன். இடுப்புக்கு முன்னால் தொங்குகிற தோல் பை. வாயில் சுருக்குக் கயிறு. இயன் தந்தது அவன் அப்பாவுடையது.

எங்கள் குடும்பத்தில் படித்த முதல் ஆள் நான். எதையும் படித்துவிட்டுத்தான் தொடுவேன். வீடியோக்கள் பார்த்தேன். பையின் சங்கிலியைக் கில்ட்டின் பின்பக்க வளையங்களுக்குள் விட்டுக் கொழுவ வேண்டும். பெல்ட்டுக்குக் கீழே ஒரு கையகலம் இடைவெளி. எங்கள் ஸ்காபரோ அப்பார்ட்மென்ட் படிகளில் ஏறி இறங்கிப் பார்த்தேன். பை நழுவவில்லை. மோதிரங்களைப் போட்டுக் கயிற்றை இழுத்தேன். எனக்குத் திருப்தி.

அம்மாவுக்கு இல்லை.

"உதென்ன, ஒருக்கா இழுத்தா வாயைத் திறக்கிற பை? கொண்டா இஞ்ச."

யாழ்ப்பாணம் போகும் பெட்டிகளுக்குக் கயிறு கட்டிப் பழகிய கை. வழியில் எவனும் அவிழ்க்கக் கூடாது — அதுதான் எங்கள் வீட்டுச் சட்டம். முடிச்சின் மேல் முடிச்சு. நானும் தடுக்கவில்லை. மோதிரம் விழாமல் இருந்தால் போதாதா?

மேடையில் பாதிரியார் மோதிரம் கேட்டார்.

முடிச்சுக்குள் நகம் நுழையவில்லை. மண்டபம் நிறையச் சனம். அதற்கு முன்னால் ஒருவன் இடுப்புக்குக் கீழே எதையோ பிராண்டிக்கொண்டு நிற்கிறான்... நினைத்துப் பாருங்கள். முன்வரிசையில் சிரிப்புக் கிளம்பியது. கயிற்றை வெட்டிவிடலாமா என்று இயன் மெல்லக் கேட்டான். அவன் அப்பாவின் பையை வெட்ட விடுவேனா?

பின்னால் கையை விட்டுச் சங்கிலியைக் கழற்றினேன். பையை முகத்துக்கு நேரே தூக்கினேன். முடிச்சைப் பல்லால் கடித்தேன். வாயெல்லாம் பொலிஷ் கசப்பு. விடவில்லை. ஒன்று இளகியது. பிறகு அடுத்தது. மோதிரங்கள் உள்ளங்கைக்கு வந்தபோது மண்டபமே கைதட்டியது.

பத்திரம் என்றால் இறுக்கிக் கட்டுவது என்றுதான் நினைக்கிறோம். திறக்க வேண்டிய நேரம் ஒன்று வரும் என்று யார் யோசிக்கிறோம்?

சாப்பாட்டு மேசையில், கல்யாணத்துக்கு வந்திருந்த அம்மாவுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். கொஞ்சமாவது வருந்துவார் என்று எதிர்பார்த்தேன்.

"பாத்தியே தம்பி, ஒண்டும் விழேல்லை."

விழவில்லைதான். முன்பல் ஒன்று மட்டும் லேசாக ஆடுகிறது.