ரம்மில் சீனி கலந்தது யார்?

அந்த ரம்மின் பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் அவர்களுக்கு விளம்பரம், எனக்கு வம்பு. மத்திய அமெரிக்காவில், எரிமலையும் கரும்புத் தோட்டமுமாகக் கிடக்கிற ஒரு சின்ன நாட்டில் வடிக்கிறார்கள். போத்திலில் ஒரு பெரிய இலக்கம் இருக்கும். பார்க்கிறவன் அத்தனை வருசப் பழசு என்று நினைப்பான். கழுத்தைச் சுற்றி மெடல் படங்கள் வேறு. இவ்வளவு மெடல் குத்திக்கொண்டு திரிகிற எவரையும் நான் நம்புவதில்லை. ஆனாலும் வாங்கினேன்.

வாங்கியது அக்காவின் மகள் பெரியபிள்ளையானதற்கு வைத்த சாமத்தியச் சடங்குக்கு. 2009இல் ஊரில் யுத்தம் முடிந்த பிறகு கொஞ்சக் காலம் எங்கள் சனம் மண்டபம் எடுக்கவே கூசியது. மேளச் சத்தம் கேட்டாலே ஏதோ தப்புச் செய்வது போல இருந்தது. பிறகு மெல்ல மெல்லத் தொடங்கினார்கள். அக்கா நகரத்துக்கு வெளியே செவ்ரானில் மண்டபம் எடுத்தா. இந்த நாட்டில் எனக்கு உறவென்று இருந்தது அவ ஒருத்திதான். ஞாயிற்றுக்கிழமை அவ வீட்டில் சாப்பிடாவிட்டால் அந்தக் கிழமையே எனக்கு ஓடாது. தாய்மாமன் சீரோடு அத்தானின் மேசைக்கு நல்ல போத்தில் ஒன்றும் கொண்டுபோனேன்.

எங்கள் மண்டபங்களில் ஒரு வழக்கம் உண்டு. முன் மேசைக்கு நல்ல விஸ்கி. பின் மேசைக்கு அதே பெயர் ஒட்டின போத்திலில் மலிவுச் சரக்கு. அந்த வெறும் போத்தில்கள் எங்கள் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் என்னைப் போல ரெஸ்ரோரண்டில் வேலை செய்கிறவர்களிடமிருந்துதான் போகும். அத்தானே ஒருமுறை கேட்டிருக்கிறார், "தம்பி, மூடியோடை கொஞ்சம் எடுத்துத் தாவன்" என்று. நான் மாட்டேன் என்றேன். அவருக்கு அது பிடிக்கவில்லை.

சடங்கன்று அத்தான் என் ரம்மைத் திறந்து கூட்டாளிமாருக்கு ஊற்றினார். எல்லாரும் சாராயத்திலும் விஸ்கியிலும் தேறின ஆட்கள். ஒருத்தர் வாயில் வைத்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"இதென்ன, சீனிப்பாணி மாதிரிக் கிடக்கு?"

அடுத்தவர் மணந்து பார்த்தார். இன்னொருத்தர் மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அத்தான் என் பக்கம் திரும்பினார்.

"எங்கை எடுத்தனி?"

"கடையிலை, அத்தான்."

"கடையிலையோ, நீ வேலை செய்யிற இடத்திலையோ?"

பக்கத்தில் நின்ற அக்கா வாய் திறக்கவில்லை. புருசனுக்குப் பயந்து பேசாமல் நிற்கிறா, பாவம் என்று நினைத்துக்கொண்டேன்.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமை அழைப்பு வரவில்லை. லா சப்பலில் முருங்கைக்காய் தெரிவு செய்துகொண்டு நிற்கிற ஆள் சிரித்தாலும் என்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார் என்று பட்டது. கோபம் கோபமாக வந்தது. கடைசியில் அத்தானுக்குப் போன் எடுத்தேன். "வாங்கோ, அதே கடையிலை உங்கடை கையாலை ஒரு போத்தில் எடுங்கோ" என்றேன்.

வந்தார். அலுமாரித் தட்டில் முன்னால் நின்ற போத்திலைத் தொடவில்லை. கையை உள்ளே விட்டுப் பின்னால் இருந்ததை இழுத்தெடுத்தார். நானும் கடைக்காரனும் சேர்ந்து சதி செய்திருக்கலாம் அல்லவா! மூடியில் ஒட்டியிருந்த தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபின், அங்கேயே திறந்து, கடைக்காரர் கொடுத்த கிளாசில் ஊற்றிக் குடித்தார். அதே இனிப்பு.

கடைக்காரர் சிரித்தார். அந்த இலக்கம் வயதில்லையாம். பழையதோடு இளையதையும் கலப்பார்களாம். இனிப்பைப் பற்றி ரம் பிரியர்களுக்குள்ளேயே பெரிய சண்டையாம். இதைப்போல வேறில்லை என்று ஒரு பக்கம், சீனி போட்டு ஏமாற்றுகிறார்கள் என்று மறுபக்கம்.

அத்தானின் முகம் மலர்ந்தது. "பாத்தியே? சீனி கலந்திருக்கெண்டு நான் அண்டைக்கே சொன்னனான்!"

வென்றது அவர்தான். என்னைச் சந்தேகப்பட்டது அவர் கணக்கிலேயே இல்லை. "ஞாயிறு வீட்டை வா" என்றார். எனக்கு அது போதும்போல இருந்தது.

ஞாயிறு அக்கா கணவாய்க் கறி வைத்திருந்தா. சோறு போட்டுக்கொண்டே, "அவர் சொன்னவர், நீ ஒண்டும் செய்யேல்லையாம்" என்றா.

"உங்களுக்குத் தெரியும்தானே அக்கா" என்றேன், பேச்சுக்கு.

அவ கரண்டியைச் சட்டிக்குள் வைத்தா. "எனக்கெப்பிடியடா தெரியும்? நானும் நீதான் கலந்தனியெண்டு நினைச்சன். அவர் சொன்னாப் பிறகுதான் மனம் ஆறிச்சுது."

அழுகை வந்தது. ஆனாலும் சோற்றுக் கோப்பையை வழித்துச் சாப்பிட்டேன். மிச்சம் விட்டால் அதற்கும் என்ன நினைப்பாவோ.