சிவப்புப் பெட்டியில் வந்த கடலட்டை

நான் உடுப்பிட்டித் தோட்டக்காரரின் மகள். வெங்காயம் நடச் சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு நடுவேன். கடல் என்றால் எனக்கு மீன்குழம்பு, அவ்வளவுதான். வழவழவென்று இருக்கும் எதையும் கையால் தொட மாட்டேன். அப்படிப்பட்ட என்னைத்தான் மயிலிட்டியில் ஒரு முன்பள்ளிக்கு ரீச்சராகப் போட்டார்கள்.

என் பிள்ளைகள் எல்லாரும் கடற்றொழில் செய்யும் வீட்டுப் பிள்ளைகள். நாலு வயதிலேயே மீன்களின் பெயரை மளமளவென்று சொல்வார்கள். ஆனால் உயிரோடு இருக்கிற மீன் என்ன செய்யும் என்று கேட்டால் முழிப்பார்கள். அவர்கள் கண்ணில் படும்போது அது செத்துத்தானே கிடக்கிறது! எனக்கு இது பொறுக்கவில்லை. நானும் ஒரு பிடிவாதக்காரி. தாய்மாரைக் கூப்பிட்டுப் பேசி, கடல் வற்றும் காலைகளில் பிள்ளைகளைக் கரையோரத்தில் பவளம் இறுகிக் கிடக்கும் முருகைக்கல் பள்ளங்களுக்குக் கூட்டிக்கொண்டு போகத் தொடங்கினேன். அங்கே கணுக்காலளவு தண்ணீர்தான் நிற்கும். குந்தியிருந்து பார்க்கலாம், நனைந்த விரலால் மெல்லத் தொடலாம். எதையும் எடுத்துக்கொண்டு வரக்கூடாது என்பது சட்டம்.

ஒருநாள் ஒரு பள்ளத்தில் கறுப்பாக, கத்தரிக்காய் அளவில் ஒரு கடலட்டை கிடந்தது. எல்லாரும் "சீ" என்று நண்டு பார்க்க ஓடிவிட்டார்கள். வகுப்பிலேயே சின்னவள் மட்டும் நகரவில்லை.

"இதுக்கு வாய் எங்கை, ரீச்சர்?"

"இந்தப் பக்கம். மண்ணைத் தின்னும். மண்ணிலை இருக்கிற ஊத்தையைத் தனக்கு எடுத்துக்கொண்டு, துப்பரவான மண்ணை மற்றப் பக்கத்தாலை விட்டிடும்."

"அப்ப கக்கா இருக்குமோ?"

"ஓம், இருக்கும்."

அந்தச் சொல்லைக் கேட்டதும் நண்டு பார்க்கப் போனவர்கள் எல்லாரும் திரும்பி ஓடி வந்தார்கள். அட்டையின் பின்பக்கத்தில் மண் திரித்திரியாக வந்து கிடந்ததைக் கண்டு விழுந்து விழுந்து சிரித்தார்கள். சின்னவள் சிரிக்கவில்லை, அதன் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள்.

பள்ளிக்குத் திரும்பிச் சாப்பாட்டுப் பெட்டிகளைத் திறக்கிற நேரம் சின்னவளின் அலறல் கேட்டது. சின்னவள் தன் புட்டைக் கரையில் கொட்டிவிட்டு, சிவப்புப் பெட்டிக்குள் கொஞ்சம் கடல்தண்ணீர் விட்டு, அட்டையை வைத்து மூடிக்கொண்டு வந்திருக்கிறாள். வெயிலில் தண்ணீர் சுட்டுப்போயிருந்தது. அட்டை தன் குடலையெல்லாம் வெளியே தள்ளிவிட்டுச் சுருங்கிக் கிடந்தது. எனக்கு முதலில் வந்தது குமட்டல், பிறகு கோபம். அவளுடைய முகத்தைப் பார்த்ததும் இரண்டும் போய்விட்டன.

"நான் சாக்காட்டிப் போட்டன்," என்றாள்.

அட்டையைக் கடல்தண்ணீர் விட்ட ஒரு தொட்டிக்கு மாற்றிவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்தப் பெட்டியை நானே கழுவினேன். கைத்தொலைபேசியில் தேடிப் பார்த்தபோது, ஆபத்து என்றால் அட்டை இப்படிச் செய்யும், தண்ணீர் நல்லதாக இருந்தால் சில கிழமைகளில் குடல் திரும்ப வளர்ந்துவிடும் என்று போட்டிருந்தது. எனக்கே நம்பிக்கை வரவில்லை. ஆனாலும் சின்னவளிடம் போய்ச் சொன்னேன்.

"அது சாகேல்லை, குஞ்சு. புதுக் குடல் வளரும்."

"வளர்ந்தது எப்பிடித் தெரியும்?"

யோசித்தேன். "கக்கா இருந்தா வளர்ந்திட்டுது எண்டு அர்த்தம்."

மறுநாள் முதல் அவள் வகுப்புக்குள் வரவில்லை. வாசற்படியோடு நின்றுவிட்டாள். கூப்பிட்டாலும் வரமாட்டாள், தூக்கினால் அழுவாள். சாப்பாடும் படியில்தான், அதுவும் பேப்பரில் சுற்றிய சாப்பாடு. "அந்தப் பெட்டியைக் கண்டாலே அழுறாள், ரீச்சர்," என்றார் தாய். ஒவ்வொரு காலையும் படியில் நின்றபடி ஒரே கேள்வி: "இருந்திட்டுதோ?" நான் இல்லை என்பேன். பாட்டு, எழுத்து, விளையாட்டு எல்லாவற்றையும் அவள் வெளியில் இருந்தே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சின்னவளின் தகப்பன் கடலுக்குப் போய் வந்த களைப்போடு தினமும் ஒரு பிளாஸ்டிக் கானில் கடல்தண்ணீர் கொண்டுவந்து தந்தார். பள்ளத்து மண்ணைத் தொட்டியில் பரப்பி, மீன்தொட்டிக்குக் காற்று விடும் சின்ன மோட்டார் ஒன்றையும் பூட்டினோம். அட்டை மூலையில் கிடந்தது கிடந்தபடி. ஒருநாள் அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"இது சரிவராதுபோலை கிடக்கு, ரீச்சர். இதே மாதிரி ஒண்டைக் கொண்டுவந்து மாத்தி விடுறன். பிள்ளைக்குத் தெரியாது."

உண்மையைச் சொன்னால், மனம் அந்தப் பக்கம் சாய்ந்தது. அன்றைக்கே அவள் உள்ளே வந்துவிடுவாள். ஆனால் உன் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள் என்று இத்தனை நாளும் சொல்லித்தந்தவளே கண்கட்டு வித்தை காட்டுவதா?

"வேண்டாம். இதுதான் இருக்கோணும்," என்றேன். அன்று முழுக்க எனக்கு எரிச்சல். பிள்ளைகளிடமும் அட்டையிடமும் காரணமில்லாமல் சிடுசிடுத்தேன்.

கிழமைகள் போயின. ஒரு காலை நான் ஸ்கூட்டியை நிற்பாட்டும்போதே உள்ளே ஒரே கூச்சல்: "ரீச்சர், கக்கா! ரீச்சர், கக்கா!" யாரோ காற்சட்டையோடு இருந்துவிட்டார்கள் என்று நினைத்து வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். பிள்ளைகள் தொட்டியைச் சுற்றி நின்று குதித்துக்கொண்டிருந்தார்கள். அட்டையின் பின்னால் மெல்லிய மண்திரி ஒன்று கிடந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு அட்டையின் கழிவுக்காக அழுத ரீச்சர் இந்த யாழ்ப்பாணத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

வாசலைப் பார்த்தேன். சின்னவள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். மற்றவர்கள் தாங்களாகவே வழி விட்டார்கள். தொட்டிக்குப் பக்கத்தில் குந்தியிருந்து வெகுநேரம் பார்த்தாள்.

"நல்லாத்தான் இருந்திருக்கு," என்றாள். பிறகு எழும்பிப் போய்த் தன் பழைய இடத்தில் இருந்தாள்.

அடுத்தமுறை கடல் வற்றியபோது எல்லாருமாகப் போய் அட்டையை அதே பள்ளத்தில் விட்டோம். நானும் தொட்டேன், ஒரு விரலால்தான்.

மறுநாள் சாப்பாட்டு நேரம் சின்னவள் பையில் இருந்து அந்தச் சிவப்புப் பெட்டியை எடுத்துத் திறந்தாள். உள்ளே புட்டும் வாழைப்பழமும். ஒரு பிடி குழைத்து என்னிடம் நீட்டினாள்.

"இந்தாங்கோ, ரீச்சர்."

பெட்டியை அன்றைக்கு நானே கழுவியிருந்தேன், தாயும் வீட்டில் சவுக்காரம் போட்டுத் தேய்த்திருப்பார். இருந்தாலும் அதற்குள் அன்று கிடந்தது என் கண்ணுக்குள் அப்படியே நின்றது. அவளோ என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வாயைத் திறந்தேன். புட்டு நல்ல ருசியாகத்தான் இருந்தது.